இப்ப உங்க காதுல என்ன ஓடுது? எந்தக் காலம், எந்த வகையா இருந்தாலும் சொல்லுங்க

இரவல்காது:

மக்களே, ஆப் எனக்குப் போட்டுக் குடுக்குற பாட்டெல்லாம் ஒரே மாதிரி ஆகிப்போச்சு. ஒரு பாட்ட ரெண்டு தடவ முழுசா கேட்டுட்டா போதும், அதே வேகம், அதே மூடு, அதே மாதிரி குரல்னு ஒரு நீள வரிசைய கொண்டுவந்து நிறுத்திடுது, கொஞ்ச நேரத்துல எது முடிஞ்சு எது ஆரம்பிச்சுதுன்னே தெரியல. அதத் தப்புன்னும் சொல்ல முடியாது, எனக்குப் புடிச்சதத்தான் குடுக்குது, ஆனா நான் இதுவரைக்கும் கேக்காத ஒண்ணு எனக்குப் புடிக்குமான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதான் மனுஷங்ககிட்டயே கேட்டுடலாம்னு வந்தேன்.

நீங்க இப்ப என்ன கேட்டுட்டு இருக்கீங்க? சினிமா பாட்டு, கச்சேரி, ஜாஸ், மெட்டல், ராப், கஜல், 1930ஓ 2020ஓ, எதுவும் விலக்கு இல்ல. ஒரே ஒரு வேண்டுகோள், வெறும் பேர மட்டும் போட்டுட்டுப் போயிடாதீங்க. எந்த வருஷத்து ரெக்கார்டிங், எந்த எடத்துல காத வெச்சுக் கேக்கணும், அதச் சொன்னாத்தான் என்ன மாதிரி ஆளுங்களுக்குப் புடி கெடைக்கும்.

நானே ஆரம்பிக்குறேன். கொஞ்ச நாளா பாக்ங்கற ஜெர்மானிய இசையமைப்பாளர் எழுதுன கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்தான் ஓடுது. க்ளென் கூல்ட்ங்கற கனடா பியானோக்காரர் இத ஸ்டுடியோவுல ரெண்டு தடவ வாசிச்சுப் பதிவு பண்ணிருக்காரு, 1955ல 22 வயசுல ஒண்ணு, 1981ல இன்னொண்ணு, அடுத்த வருஷமே ஆளு போயிட்டாரு. மொதல்ல ஏரியான்னு ஒரு சின்ன மெட்டு, அப்புறம் அதோட அடித்தளத்த மட்டும் வெச்சுக்கிட்டு 30 வேரியேஷன், கடைசில மறுபடி அதே ஏரியா. பழசு மொத்தமும் 38 நிமிஷம் சொச்சம், புதுசு 51 நிமிஷம். மொத ஏரியாவ மட்டும் ரெண்டுலயும் அடுத்தடுத்து போட்டுப் பாருங்க, 1955ல ரெண்டு நிமிஷம்கூட வராது, 1981ல மூணு நிமிஷத்தத் தாண்டிடும், சுரத்துக்கும் சுரத்துக்கும் நடுவுல அவ்வளவு எடம் விட்டிருக்காரு. அப்புறம் மூணாவது, ஆறாவது, ஒம்போதாவதுன்னு மூணுக்கு ஒண்ணு கேனன், அதாவது ஒரு குரல் வாசிச்சத இன்னொரு குரல் கொஞ்சம் தள்ளி தொரத்திட்டே வரும், அதுதான் காது வெக்க வேண்டிய எடம். ஹெட்போன்ல கேட்டா அவரு கூடவே முனகுறதும் கேக்கும். மொதல்ல எரிச்சலா இருந்துச்சு, இப்ப வேற யாராவது முனகாம வாசிச்சா என்னமோ கொறையுற மாதிரி இருக்கு.

பழையடேப்:

நல்ல ஆரம்பம் ப்ரோ. அந்த ரெண்டு ரெக்கார்டிங்கும் ஒரே எடத்துல நடந்துது, நியூயார்க்ல கொலம்பியா கம்பெனி வெச்சிருந்த 30வது தெரு ஸ்டுடியோ. முன்னாடி சர்ச்சா இருந்த கட்டடம், கூரை அவ்வளவு உசரம், அந்த எதிரொலிக்காகவே எடத்தப் புடிச்சாங்க. அதே ரூம்ல 1959 மார்ச்ல ஒரு நாள், ஏப்ரல்ல ஒரு நாள், ரெண்டே நாள்ல ட்ரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸ் கோஷ்டி வாசிச்சு முடிச்சதுதான் கைண்ட் ஆஃப் ப்ளூங்கற ஜாஸ் ஆல்பம். நான் இப்ப அதத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுட்டு இருக்கேன்.

ஜாஸ்னாலே புரியாதுன்னு ஒதுங்குறவங்க இதுல ஆரம்பிக்கலாம், காரணம் இருக்கு. அதுக்கு முன்னாடி இருந்த பீபாப்ங்கற ஜாஸ் வகைல கார்டு, அதாவது ஒண்ணா ஒலிக்குற சுரக்கூட்டம், சடசடன்னு மாறிட்டே இருக்கும், வாசிக்குறவன் அது பின்னாடி மூச்சு வாங்க ஓடணும், கேக்குற நமக்கும் தல சுத்தும். இங்க மைல்ஸ் அந்த ஓட்டத்தயே நிறுத்திட்டாரு. ஸோ வாட்ங்கற மொத ட்ராக்ல 16 பார் (பார்னா ஒரு தாளச் சுத்து) ஒரே ஸ்கேல்ல, அதாவது ஒரே சுர வரிசைல நிக்குறாங்க, அப்புறம் 8 பார் அரை சுரம் மேல ஏறி, மறுபடி 8 பார் பழைய எடத்துக்கே வந்துடுறாங்க, அவ்வளவுதான் மொத்த பாட்டும். ஒரே ஸ்கேல்ல எவ்வளவு சொல்ல முடியும்ங்கறதுதான் விளையாட்டு. கூட வாசிச்சவங்களுக்கு அவரு முழு நொட்டேஷன்கூட குடுக்கல, சின்னச் சின்ன குறிப்புதான்.

காது வெக்க வேண்டிய எடம்: பாஸ்காரர் கேக்குற கேள்விக்கு மத்தவங்க ரெண்டே சுரத்துல பதில் சொல்லுவாங்க, அது முடிஞ்சு மைல்ஸ் சோலோ எடுக்குற அந்த நொடில ட்ரம்மர் ஜிம்மி காப் சிம்பல்ல ஒரு அடி அடிப்பாரு பாருங்க, கொஞ்சம் ஓவரா விழுந்த அடி, ஆனா அது இல்லாம இப்ப அந்தப் பாட்ட நெனச்சே பாக்க முடியாது.

இன்னொரு விஷயம், மார்ச் மாசம் பதிவு பண்ணப்ப டேப் மெஷின் ஒண்ணு கொஞ்சம் மெதுவா ஓடிருக்கு, அதனால அந்த டேப்ப சரியான ஸ்பீடுல ஓட்டுனா மொத மூணு பாட்டும் துளி சுருதி தூக்கிக் கேக்கும். பல வருஷம் உலகமே அப்படித்தான் கேட்டுச்சு, 1992ல வந்த மறுபதிப்புலதான் சரி பண்ணாங்க. பழைய எல்பி இசைத்தட்டு வெச்சிருக்குறவங்க அது கூடவே வாசிச்சுப் பாத்தா சுருதி ஒட்டாது, அதுக்குக் காரணம் இதான்.

சாருகேசி_ரசிகை:

டேப் அண்ணே, ஸோ வாட்ல வர அந்த ஸ்கேலுக்கு டோரியன்னு பேரு, சுரத்த எழுதிப் பாத்தா நம்ம கரகரப்ரியாதான். அதனாலதான் நமக்கு அது அந்நியமாவே படல.

என் பங்குக்கு, நான் இப்ப ஒரே ராகத்த வெச்சு காலம் காலமா நடந்துட்டு இருக்கேன், பேர்லயே தெரிஞ்சிருக்கும். சாருகேசி, 26வது மேளம், அதாவது ஏழு சுரமும் உள்ள தாய் ராகங்கள்ல ஒண்ணு. கீழ் பாதி சங்கராபரணம், மேல் பாதி தோடி, சிரிச்சுட்டே ஆரம்பிச்சு மேல போகப் போக கண் கலங்குற மாதிரி ஒரு அமைப்பு. 1944ல ஹரிதாஸ் படத்துல பாகவதர் பாடுன ‘மன்மத லீலையை’ல ஆரம்பிங்க, பாபநாசம் சிவன் எழுதுனது. அந்தக் காலத்து இசைத்தட்டுல ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான் எடம், அதுக்குள்ள பல்லவி, சங்கதி, உச்சஸ்தாயி எல்லாத்தையும் அடைக்கணும், அதனால ஒரு விநாடிகூட சும்மா போகாது. மைக்க நம்பி மெல்லமா பாடுற குரல் இல்ல அது, மேடை நாடகத்துல கடைசி வரிசை வரைக்கும் கேக்கணும்னு பழகுன குரல்.

அடுத்து 1956, மதுரை வீரன்ல எம்.எல். வசந்தகுமாரி பாடுன ‘ஆடல் காணீரோ’. அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு சாரங்கதாரால டி.எம்.எஸ் பாடுன ‘வசந்த முல்லை போலே வந்து’. ரெண்டுக்கும் இசை ஜி. ராமநாதன்தான், ஒரே ஆளு ஒரே ராகத்துல பண்ணது, ஆனா மொதல்ல உள்ளதுல நாட்டியத்துக்கான கம்பீரம், ரெண்டாவதுல அப்படியே ஒரு ஜிலுஜிலுப்பு, துள்ளல். அங்கருந்து ஒரே தாவு, 2004, ரஹ்மானோட ‘உதயா உதயா’. இங்க கமகத்த, அதாவது சுரத்தோட அசைவ எல்லாம் ரொம்ப மென்மையாக்கி, ராகத்தோட எலும்புக்கூட்ட மட்டும் வெச்சுக்கிட்டு சுத்தி ஒரு மூட்டம் போட்டிருப்பாரு. நாலையும் ஒரே மூச்சுல கேளுங்க. மைக், வாத்தியம், பாடுற விதம் எல்லாம் அறுபது வருஷத்துல எப்படி மாறிப்போச்சுன்னு தனியா யாரும் சொல்ல வேண்டாம், ராகம் ஒண்ணாவே இருக்கறதால மத்ததெல்லாம் பளிச்சுன்னு தெரியும்.

கும்மிருட்டு:

வந்துட்டாங்கய்யா ராகத்தோட. சாரிக்கா, கோச்சுக்காதீங்க, ஆனா இது ஒரு வியாதி நம்ம ஆளுங்களுக்கு. எந்தப் பாட்ட போட்டாலும் இது அந்த ராகம் இது இந்த ராகம்னு சொல்லிட்டா வேல முடிஞ்சுதுன்னு நெனச்சுக்குறோம். மைல்ஸ் கரகரப்ரியா பாடல, அங்க ரிஷபத்துல அசைவு கெடையாது, காந்தாரத்துக்கு நம்ம மாதிரி ஆட்டம் கெடையாது, அவங்க கவலையெல்லாம் ஒவ்வொரு சுரத்தோட சத்தத்தோட நெறம் பத்தி. ஏழு சுரம் ஒண்ணா இருக்குன்னு ரெண்டும் ஒண்ணு ஆகிடாது.

நான் கேக்குறது பிளாக் சப்பாத்ங்கற இங்கிலாந்து ராக் பேண்டோட மொத ஆல்பம், 1970, ஒரே நாள்ல வாசிச்சு முடிச்சது. மொத ட்ராக் மழை சத்தத்துலயும் மணியோசைலயும் ஆரம்பிச்சு திடீர்னு மூணு சுரம் இடி மாதிரி எறங்கும். அந்த மூணாவது சுரம் மொத சுரத்துக்கு ட்ரைடோன் தூரத்துல, அதாவது மூணு முழு சுரம் தள்ளி நிக்கும், காது அத எங்க கொண்டுபோய் வெக்குறதுன்னு தெரியாம தவிக்கும், அந்தத் தவிப்பத்தான் அவனுங்க மொத்தப் பாட்டாவும் நீட்டிருக்கானுங்க. ஹெவி மெட்டலுக்கு இதுதான் கருவறைன்னு பல பேர் சொல்றதுல எனக்கு மறுப்பில்ல.

கிட்டார் வாசிச்ச டோனி ஐயோமி கதைய தெரிஞ்சுக்கிட்டு கேளுங்க. 17 வயசுல ஃபேக்டரில, அதுவும் வேலைய விட்டுப் போற கடைசி நாள்ல, மெஷின்ல சிக்கி வலது கைல ரெண்டு வெரலோட நுனி போச்சு. அவரு இடது கைக்காரரு, அதனால தந்திய அமுக்குறதே அந்த வலது கைதான். முடிஞ்சுது வாழ்க்கன்னு உக்காந்திருந்தவருக்கு ஃபேக்டரி ஃபோர்மேன் ஒரு ரெக்கார்டு கொண்டாந்து குடுத்தாரு, ஜாங்கோ ரைன்ஹார்ட். தீ விபத்துல ரெண்டு வெரல் செயலிழந்தும் ஐரோப்பிய ஜாஸ் கிட்டார தலகீழா மாத்துன ஆளு. அதக் கேட்டுத்தான் ஐயோமி பிளாஸ்டிக் பாட்டில உருக்கி தனக்குத் தானே வெரல் தொப்பி செஞ்சு மாட்டிக்கிட்டாரு, லேசான தந்தி போட்டாரு, 1971ல வந்த மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டில தந்திய தளர்த்தி சுருதியயே எறக்கிட்டாரு. இன்னிக்கு மெட்டல்ல கேக்குற அந்த அடிவயித்துக் கனத்துக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால ஜாங்கோவும் இப்ப என் லிஸ்ட்ல இருக்காரு, மைனர் ஸ்விங், 1937, கூட வயலின் ஸ்டெஃபான் கிரப்பெல்லி. ட்ரம்ஸே கெடையாது, தாளத்த ரிதம் கிட்டாரும் பாஸும் மட்டும் தாங்கும். ஒரு வகைல இருந்து இன்னொரு வகைக்குப் போகணும்னா இப்படி ஆளப் புடிச்சுப் போங்க. யாரு யாரக் கேட்டு வளந்தான்னு பாருங்க, சுரத்த எண்ணாதீங்க.

சாருகேசி_ரசிகை:

தம்பி, ட்ரைடோன்னு நீங்க சொன்ன அந்த சுரமே எங்களுக்கு பிரதி மத்யமம், 72 மேளகர்த்தால சரிபாதில அது உக்காந்திருக்கு, அத வெச்சுக்கிட்டு சாந்தமா ஆனந்தமா பாடிட்டு இருக்கோம், பேய் பிசாசெல்லாம் வரல. உங்க கட்சிக்குத்தான் இது பலம்னு எடுத்துக்கோங்க, ஒரே சுரம் ஒரு எடத்துல பயம், இன்னொரு எடத்துல கல்யாணி. ஆனா ராகம் தெரிஞ்சவங்களுக்கு அதுதான் உள்ள நுழையுற வாசல், அத மூடுன்னு சொல்றது ஞாயமில்ல. உள்ள போனப்புறம் அங்க என்ன இருக்குன்னு பாக்காம திரும்பி வந்தாத்தான் தப்பு.

தாளம்_தப்பாதவன்:

ராகச் சண்ட முடிஞ்சுதா, நான் ட்ரம்ஸ் பக்கம் கூட்டிட்டுப் போறேன். எனக்கு வகை காலம் எல்லாம் கணக்கே இல்ல, நல்ல ட்ரம்மர் இருந்தா எங்க வேணா போவேன்.

மொதல்ல ஃபேலா குட்டி, நைஜீரியா பாடகர். 1975ல வந்த ‘வாட்டர் நோ கெட் எனிமி’. இவரு பாட்டுல அவசரப்பட்டு குரலுக்காகக் காத்திருந்தீங்கன்னா வெறுத்துடுவீங்க, ட்ரம்பெட் சாக்ஸெல்லாம் பேசி முடிச்சு பல நிமிஷம் கழிச்சுதான் ஐயா வாயத் தொறப்பாரு. அதுவரைக்கும் டோனி ஆலன் ட்ரம்ஸ மட்டும் கேளுங்க. நாலு கை காலும் நாலு வேற வேலை செய்யும், எந்த அடியும் பலமா விழாது, ஆனா உக்காந்த எடத்துல ஒடம்பு தானா ஆடும். சாதாரண ராக் ட்ரம்மர் ரெண்டாவது நாலாவது அடில ஸ்நேர் ட்ரம்ம போட்டு நமக்கு வழி காட்டிட்டே போவாரு இல்ல, ஆலன் அப்படி வழி காட்டவே மாட்டாரு, ஜாஸ் கேட்டு வளந்த கை அது.

அடுத்தது 1969, த வின்ஸ்டன்ஸ்னு ஒரு சோல் பேண்டு, ஒரு சிங்கிளோட பின்பக்கத்துல ‘ஆமென் பிரதர்’னு ஒரு வாத்திய ட்ராக். நடுவுல எல்லாரும் நிறுத்திடுவாங்க, க்ரெகரி கோல்மன் மட்டும் நாலு பார் தனியா வாசிப்பாரு, ஏழு செகண்டு இருந்தா அதிகம். இந்த ஏழு செகண்ட வெட்டி எடுத்துத்தான் 80கள்ல ராப் ஆளுங்க பாட்டு பண்ணாங்க, 90கள்ல இங்கிலாந்துல அதயே வேகமா ஓட்டி, துண்டு துண்டா நறுக்கி, ஜங்கிள், ட்ரம் அண்ட் பாஸ்னு தனி வகையே உண்டாக்கிட்டாங்க. ஆயிரக்கணக்கான பாட்டுல இருக்கு, நீங்க நிச்சயம் கேட்டிருப்பீங்க, எங்கன்னுதான் தெரியாது. கோல்மன் 2006ல செத்தாரு, இதுக்குன்னு ஒரு காசு பாக்காமலே. அத நெனச்சா அந்த ஏழு செகண்ட முன்ன மாதிரி குஷியா கேக்க முடியல, ஆனாலும் கேக்காம இருக்கவும் முடியல.

என்.டபிள்யூ.ஏங்கற ராப் கோஷ்டியோட ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’, 1988, அதுல அதே அடி ஓடுறத கேட்டுட்டு, ஒடனே 1969 ஒரிஜினலுக்குப் போங்க. பத்தொம்போது வருஷம் கழிச்சும் அந்த ஸ்நேர் அப்படியே பேசுது.

மெல்லநட:

நான் நேர் எதிர். வேகமே வேண்டாம்னு இருக்கேன். இப்ப கேக்குறது எல்லாமே நீளமான பீஸ்.

எகிப்து பாடகி உம் குல்தூம். 1964ல பாடுன ‘எந்த ஓம்ரி’, மேடைல ஒரு பாட்டே ஏறக்குறைய ஒரு மணி நேரம். மெட்டு போட்டது முகம்மது அப்துல் வஹாப், அவங்க ரெண்டு பேரும் சேந்த மொத பாட்டு, அதுல எலக்ட்ரிக் கிட்டார் வெச்சது அப்ப பெரிய பேச்சு. அந்தம்மா வருஷக்கணக்கா மாசத்துல மொத வியாழன் ராத்திரி கச்சேரி பண்ணுவாங்க, ரேடியோல அரபு நாடு பூரா கேப்பாங்க. அவங்க பாடுறதுக்கு முன்னாடி வாத்தியம் மட்டுமே ரொம்ப நேரம் போகும், அத ஓட்டி விட்டுடாதீங்க, அது இல்லாம மொத வரி வந்தா அந்தக் கனம் இருக்காது. அப்புறம் ஒரே வரிய திரும்பத் திரும்பப் பாடுவாங்க, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி, ஒவ்வொரு தடவையும் கூட்டம் கத்தும், அந்தக் கத்தலக் கேட்டுட்டு மறுபடி இன்னொரு மாதிரி. நம்ம நிரவல் கேட்டுப் பழகுனவங்களுக்கு இது சொல்லித் தரவே வேண்டாம். ஸ்டுடியோல சுருக்கிப் பாடுனது வேண்டாம், சபை சத்தத்தோட இருக்கறதயே தேடுங்க.

(அந்தப் பாட்டு குர்து மகாம், மகாம்னா அரபு இசைல ராகம் மாதிரி, சுரத்த அடுக்குனா தோடி. கும்மிருட்டு தம்பி, அடிக்க வராதீங்க, இந்தப் பிராக்கெட்டுக்குள்ளயே இத விட்டுடுறேன்.)

இன்னொண்ணு ஸ்டீவ் ரைஷ்ங்கற அமெரிக்க இசையமைப்பாளரோட ‘மியூசிக் ஃபார் 18 மியூசிஷியன்ஸ்’, 1976. மரிம்பாவும் (மரக்கட்டைய தட்டி வாசிக்குற வாத்தியம்) பியானோவும் சீரா துடிச்சுட்டே இருக்கும், அதுக்கு மேல குரலும் பாஸ் கிளாரினெட்டும் ஒரு மூச்சு தாங்குற வரைக்கும் மட்டும் நீளும், அலை மாதிரி வந்து போகும். 11 கார்டு, மொத்தமும் அதுலருந்துதான் பொறக்குது. மொத பத்து நிமிஷம் ஒண்ணுமே நடக்கல இதுல என்ன இருக்குன்னு தோணும். நடந்துட்டுத்தான் இருக்கு, ஒரு சுரம் நுழையும், ஒண்ணு வெளில போகும், கவனிச்சா மட்டும்தான் தெரியும். வேல செஞ்சுட்டே கேக்க நல்லாருக்கும்னு சொல்றாங்க, என்னால முடியல, வேலதான் நிக்குது.

கச்சேரில எம்.டி. ராமநாதன். அந்த அடித்தொண்டை, அந்த மெதுவு. அவரப் பத்தி எழுத ஆரம்பிச்சா இன்னொரு மணி நேரம் ஆகும், சும்மா கேளுங்க.

புதுசாக்கேக்குறவ:

எல்லாரும் இவ்வளவு சொல்றீங்க, எனக்கு ஒரு அடிப்படை சந்தேகம். நான் ஃபோன் ஸ்பீக்கர்லதான் கேக்குறேன், இல்லன்னா சாதாரண இயர்போன். பழைய பாட்டு போட்டா ஒரே இரைச்சல், தகரம் மாதிரி இருக்கு. ஒரே ஆல்பத்துக்கு ரீமாஸ்டர்னு நாலு அஞ்சு வெர்ஷன் வேற காட்டுது. எத எடுக்குறது? இந்தப் பழசெல்லாம் உண்மைலயே காதுக்கு நல்லாருக்கா, இல்ல பழசுங்கற மரியாதைல சொல்றீங்களா?

பழையடேப்:

நல்ல கேள்வி தங்கச்சி, கடைசி கேள்வி இன்னும் நல்ல கேள்வி.

தகரம் மாதிரி கேக்குறதுக்குக் காரணம் காலத்தப் பொறுத்து மாறும். 1925க்கு முன்னாடி மைக்கே கெடையாது, பெரிய குழல் ஒண்ணுக்குள்ள முகத்த விட்டு கத்திப் பாடணும், அந்த அதிர்வே நேரா ஊசிய ஆட்டி மெழுகுல கோடு போடும். கீழ் ஸ்தாயி சத்தமும் மெல்லிசான சத்தமும் அதுல ஏறவே ஏறாது. 1902ல கௌஹர் ஜான்ங்கற பாடகி பாடுன தட்டெல்லாம் அப்படித்தான், பாட்டு முடிஞ்சதும் ‘மை நேம் இஸ் கௌஹர் ஜான்’னு அந்தம்மாவே சொல்லுவாங்க, தட்ட அச்சடிக்க ஜெர்மனிக்கு அனுப்புவாங்க, அங்க உள்ளவனுக்கு யாரு பாடுனதுன்னு தெரியணுமே. 1925லருந்து மைக் வந்துச்சு, அதுக்கப்புறம் உள்ளதுல ஓரளவு உடம்பு இருக்கும். 1948ல எல்பி வந்து ஒரு பக்கத்துக்கு இருவது நிமிஷத்துக்கு மேல எடம் கெடச்சுது, டேப்பும் வந்துடுச்சு, 50களோட கடைசில நல்ல ஸ்டுடியோல பண்ணதெல்லாம் இன்னிக்கும் நேத்து பண்ண மாதிரி கேக்கும். நான் மேல சொன்ன 1959 ஆல்பத்தயே போட்டுப் பாருங்க.

ரீமாஸ்டர்னா பழைய பதிவ எடுத்து ஒலிய மறுபடி சீராக்குறது, அதுல ரெண்டு பொறி இருக்கு. ஒண்ணு, பழைய இசைத்தட்டுல இரைச்சல எடுக்குறேன்னு சொல்லி அளவுக்கு மீறி வழிச்சுடுவாங்க, இரைச்சலோட சேந்து குரலோட மேல் ஓரமும் போயிடும், போர்வைக்குள்ளருந்து பாடுற மாதிரி ஆகிடும். கொஞ்சம் இரைச்சல் இருந்தாலும் பரவால்ல, குரல் உயிரோட இருக்குறத எடுங்க, ரெண்டு நிமிஷத்துல காது இரைச்சல மறந்துடும். ரெண்டாவது, 90களோட நடுவுலருந்து எல்லாத்தையும் சத்தமாக்குற போட்டி. மெல்லிசான எடத்தயும் தூக்கி பலமான எடத்தோட சமமாக்கிடுவாங்க, மொதல்ல பிரமாதமாத் தோணும், ரெண்டு பாட்டுல காது அலுத்துடும். சத்தம் கூட இருக்கறதாலயே அது நல்ல வெர்ஷன் ஆகாது, ரெண்டையும் ஒரே சத்த அளவுக்கு வால்யூம சரி பண்ணிட்டு அப்புறம் ஒப்பிடுங்க.

ஃபோன் ஸ்பீக்கர்ல பாஸ் வரவே வராது, அதனால ஃபேலாவும் சப்பாத்தும் பாதி செத்துடும். சாதாரண இயர்போனே போதும், காதுல இறுக்கமா உக்காந்தா சரி. பாகவதர் பாட்டு மட்டும் ஃபோன் ஸ்பீக்கர்லகூட நல்லாத்தான் இருக்கு, அந்தக் குரல் அப்படி.

மரியாதைக்காக சொல்றோமான்னு கேட்டீங்கல்ல, சில பேரு அப்படித்தான் சொல்றாங்க. பழசுலயும் குப்பை எக்கச்சக்கம், காலம் அத கழிச்சு விட்டுடுச்சு, மிச்சம் நின்னது மட்டும் நம்ம கைக்கு வருது. அதனால 2020ல வரதெல்லாம் மட்டம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, இப்ப வரது இன்னும் சல்லடைல போகல, அவ்வளவுதான்.

வானலை77:

எல்லா வகையும் எல்லாக் காலமும் கலந்த ப்ளேலிஸ்ட் வேணும்னா ஏற்கெனவே ஒண்ணு சூரிய மண்டலத்தத் தாண்டிப் போயிட்டு இருக்கு. 1977ல வாயேஜர் விண்கலங்கள்ல வெச்சு அனுப்புன தங்கத்தட்டு. 27 பீஸ், தொண்ணூறு நிமிஷம், அவ்வளவையும் அடைக்குறதுக்காகவே நிமிஷத்துக்கு 16⅔ சுத்துங்கற மெதுவான ஸ்பீடுல ஓடுற மாதிரி வெட்டுனாங்க. அந்த வரிசைய எடுத்து வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா கேட்டுட்டு இருக்கேன்.

ஜாவா நாட்டு கேமலான் வாத்தியக் குழு இருக்கு, ஜார்ஜியா நாட்டு ஆம்பளைங்க சேந்து பாடுற சக்ருலோ இருக்கு, சக் பெர்ரி இருக்காரு, லூயி ஆம்ஸ்ட்ராங் இருக்காரு, பாக் மட்டும் மூணு எடத்துல, அதுல ஒண்ணு கூல்ட் வாசிச்சது. இந்தியாலருந்து ஒரே ஒரு குரல், கேசர்பாய் கேர்கர், பைரவில ‘ஜாத் கஹா ஹோ’. மூணரை நிமிஷம்தான், மூச்சு எங்க எடுக்குறாங்கன்னே புடிக்க முடியல.

ஆனா எனக்கு அதுல உச்சம் கடைசிக்கு முந்தினது. பிளைண்ட் வில்லி ஜான்சன், 1927. பாட்டுன்னு பேரு, ஒரு வார்த்தைகூட கெடையாது. கண்ணு தெரியாத மனுஷன், ஸ்லைடு கிட்டார இழுக்குறாரு, அது கூடவே முனகுறாரு, கிட்டார் பாதி சொல்லும், மிச்சத்த குரல் முடிக்கும், சில எடத்துல எது எதுன்னே தெரியாது. அது முடிஞ்சதும் தட்டுல அடுத்து வரது பீத்தோவன் கடைசி காலத்துல எழுதுன ஒரு குவார்ட்டெட்டோட (நாலு தந்தி வாத்தியத்துக்கான பீஸ்) மெல்லிசான பாகம், கவட்டினா, ஓபஸ் 130. ப்ளூஸுக்கும் வியன்னா குவார்ட்டெட்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்கலாம். அடுத்தடுத்து போட்டுக் கேட்டுட்டு அப்புறம் வந்து கேளுங்க. தேந்தெடுத்தவங்க ராகமும் பாக்கல, ஆளையும் பாக்கல, எது பக்கத்துல எது நின்னா ஒண்ண ஒண்ணு தூக்கிக் குடுக்கும்னு பாத்திருக்காங்க. இது மூணாவது வழின்னு வெச்சுக்கோங்க.

கும்மிருட்டு:

சரி, சாருகேசி அக்கா சொன்ன நாலையும் கேட்டுட்டேன். மதுரை வீரன் பாட்டுல அந்தம்மா மேல போற எடம் அட்டகாசம். ராகம் எனக்கு இன்னும் புடிபடல, ரஹ்மான் பாட்டும் பாகவதர் பாட்டும் ஒண்ணுன்னு சத்தியமா நானா கண்டுபுடிச்சிருக்க மாட்டேன், ஆனா மூணாவது தடவ கேக்கும்போது அந்த மேல் பாதி திரும்புற எடத்துல என்னமோ ஒண்ணு ஒரே மாதிரி வலிக்குது. வியாதின்னு சொன்னத மட்டும் வாபஸ் வாங்க மாட்டேன்.

இரவல்காது:

மக்களே, ரொம்ப நன்றி, ஆப்ப கொஞ்ச நாளைக்குத் தொட வேண்டாம்னு இருக்கேன். பிளைண்ட் வில்லி ஜான்சன் இப்பத்தான் கேட்டேன், ஒண்ணும் எழுத வரல. ஃபேலா எனக்கு மொதல்ல போரடிச்சுது, ட்ரம்ஸ மட்டும் கேளுன்னு தாளம் ப்ரோ சொன்னத ஞாபகம் வெச்சு மறுபடி போட்டேன், அப்புறம் நிறுத்த முடியல. ஜங்கிள் மட்டும் நமக்கு ஒத்துவரல, தலவலி.

ஆப்பிரிக்கா பக்கம் இன்னும் என்ன இருக்கு? குரல் கம்மியா, வாத்தியம் அதிகமா இருந்தா நல்லது.

தாளம்_தப்பாதவன்:

எத்தியோப்பியா போங்க. முலாட்டு அஸ்டாட்கே, வைப்ரஃபோன், அதாவது உலோகப் பட்டைய தட்டி வாசிக்குற வாத்தியம் வாசிக்குறவரு, லண்டன்லயும் பாஸ்டன்லயும் ஜாஸ் படிச்சுட்டு ஊர் திரும்பி, அங்க உள்ள அஞ்சு சுர ஸ்கேல்கள ஜாஸ் கார்டு மேல உக்கார வெச்சாரு. எத்தியோப்பிக்ஸ்னு ஒரு தொகுப்பு வரிசை இருக்கு, அதுல நாலாவது வால்யூம் மொத்தமும் இவரோடது, 1969லருந்து 1974க்குள்ள வாசிச்சது. ‘யெகெர்மோ சேவ்’ல ஆரம்பிங்க. சாக்ஸ் உள்ள வரப்போ அவசரமே இருக்காது, யாரோ தயங்கித் தயங்கி ஒரு விஷயத்த சொல்ல வர மாதிரி இருக்கும், பின்னாடி கிட்டார் வா-வா பெடல்ல (ஒலிய வளைக்குற கால் மிதி) கொழகொழன்னு பேசிட்டே இருக்கும். இயர்போன்ல கேளுங்க, பாஸ் முக்கியம்.

சாருகேசி_ரசிகை:

அங்க திசிதான்னு ஒரு ஸ்கேல் இருக்கு, அதுல மேஜர் வகை அப்படியே மோகனத்தோட அஞ்சு சுரம். சொல்லாம இருக்க முடியல, தம்பி மன்னிக்கணும்.

கும்மிருட்டு:

அக்கா!!!